சிவப்பு வட்டம் வந்தால்

மாமி,

மதுரங்குளிக்குப் போகிறேன். மீன் ஆணம் அடுப்பில் இருக்கிறது. ஸும்றாவுக்கு முள் எடுத்துக் கொடுங்கள்.

றிப்னாஸ் மச்சான் கட்டாரிலிருந்து அஸர் தொழுகைக்குப் பிறகு கோல் எடுப்பார். கணினித் திரையின் மூலையில் ஒரு வட்டம் வரும்படி செய்திருக்கிறேன். பச்சை என்றால் பேச்சு உடனே போகும். சிவப்பு என்றால் லைனில் நெரிசல், பிந்தித்தான் போகும். "உனக்கு வாயில்லையா?" என்று மகனை ஏசிவிட்டுக் கோலை வெட்ட வேண்டாம். அவருடைய பதில் வந்துகொண்டிருக்கும்.

ஷிம்லா என்னை வரச் சொல்லிக் கடைசியாக ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய குரல் செய்தியும் எனக்கு நாற்பது நிமிடம் பிந்தித்தான் வந்தது. கேட்டதும் ஓடி வந்தேன். அவளை அடக்கிய அன்று மையத்து வீட்டில் இதைச் சொல்ல எனக்கு வாய் எழவில்லை.

நௌஃபர்

பி.கு. நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை. "உம்மா கூப்பிட்டும் வாப்பா வரல்ல" என்று ஸும்றாவிடம் மட்டும் இனிச் சொல்ல வேண்டாம்.