தட்டக் கை வராத சொல்

சேசு மரி சூசை துணை

அல்லிநகரம்,
9.6.2024

அன்புள்ள ரீட்டா அக்காவுக்கு,

மெர்லின் எழுதுவது. போனில் எனக்கு ‘ம்’ தவிர எதுவும் வராது என்று அம்மா கேலி செய்கிறாள். உன் தோட்டத்திலோ சிக்னலே இல்லை. அதனால் இதைத் தோட்டத்துக்கு ஜீப் ஓட்டும் ஒச்சாண்டி அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

பத்தாவதோடு நின்றவளுக்கு உன் கம்பெனியின் பெரிய ஆபீஸிலேயே வேலை கிடைத்திருக்கிறது. கம்பெனி ஆட்களுக்கு மட்டும் திறக்கும் சைட் ஒன்று இருக்கிறதல்லவா? சுற்றறிக்கை, விலை, லீவு விதி எல்லாம் அதில் உண்டு. தேடினால்தான் கிடைக்காது. ‘ஏலம்’ என்று தட்டினால் ஏலக்காய் விலைக்குப் பதில் பழைய நாற்காலிகளை ஏலம் விட்ட அறிவிப்பு வருகிறது. சனங்கள் சொல்லும் சொற்களை தேடினால் கிடைக்கும்படி ஒவ்வொரு பக்கத்திலும் டேக்காக ஒட்டுவது என் வேலை. “ஏத்தா, தோட்டத்து ஆளுக எப்படித் தேடுவாகன்னு உனக்குத்தான தெரியும்?” என்கிறார் ஈஸ்வரபாண்டி சார். சாயங்காலம் ஆனால் கண் எரிகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். வின்சென்ட் மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை,
மெர்லின்


மேல் தோட்டம்,
16.6.2024

அன்புத் தங்கச்சி,

நலம் என்று எழுதக்கூட அலுப்பாக இருக்கிறது. வயிற்றில் நாலு மாதம் ஆகியும் மூட்டை தூக்கச் சொல்கிறார்கள். பிரசவத்துக்கு லீவு உண்டா என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். “அப்படி ஒண்ணும் கெடையாது. இருந்தா கம்ப்யூட்டர்ல இருக்கும், நீயே தேடிப் பாரு” என்றார். தோட்டத்து ஆபீஸ் கம்ப்யூட்டரில் ‘புள்ளத்தாச்சி லீவு’ என்று தட்டினேன். எதுவும் கிடைக்கவில்லை என்று வந்தது. எல்லாரும் சிரித்தார்கள்.

ஊருக்கெல்லாம் சொல் ஒட்டுகிறாயே, உன் அக்கா நினைப்பு வரவில்லையாடி?

ரீட்டா


அல்லிநகரம்,
23.6.2024

அன்புள்ள அக்கா,

கோபித்துக்கொள்ளாதே. பக்கம் இருக்கிறது. அதற்கு ‘மகப்பேறு விடுப்பு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் பக்கம் யார் அப்படிப் பேசுகிறார்கள்? புள்ளத்தாச்சி, முழுகாம இருக்கா, பிரசவம் எல்லாவற்றையும் ஒட்டிவிட்டேன். மறுபடி தட்டிப் பார். பாரம் தூக்கக் கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது.

அதற்கு அடுத்தது ‘கருச்சிதைவு விடுப்பு’. அந்தப் பக்கத்துக்கு மட்டும் ஒன்றும் ஒட்டவில்லை. நீ இப்படி இருக்கும்போது நம் வாய்ச் சொல்லில் அதைத் தட்டக் கை வரவில்லை. சார் கேட்டால் மறந்துவிட்டேன் என்பேன்.

மெர்லின்


மேல் தோட்டம்,
14.7.2024

மெர்லினுக்கு,

நீ ஒட்டியதும் பக்கம் வந்தது. சூப்பர்வைசரிடம் காட்டினேன். மூட்டை தூக்குவதும் நின்றது.

போன வெள்ளிக்கிழமை கலைந்துவிட்டது. ஞாயிறு கழிந்ததும் வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். ‘கலஞ்சிருச்சு லீவு’ என்று தட்டினேன். எதுவும் கிடைக்கவில்லை. போகத்தான் வேண்டும் போல.

அம்மாவிடம் நீயே சொல்லிவிடு.

ரீட்டா


அல்லிநகரம்,
15.7.2024

அக்கா,

நீ தட்டியது போலவே ‘கலஞ்சிருச்சு’ என்று ஒட்டிவிட்டேன். ‘தங்கல’ என்பதையும். தேடிப் பார்த்தேன், பக்கம் வருகிறது. சம்பளத்தோடு ஆறு வாரம். அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். டாக்டர் சீட்டோடு அந்தக் காகிதத்தையும் சூப்பர்வைசர் மேசையில் வைத்துவிட்டு வா. அந்தச் சொல்லைத் தட்டாவிட்டால் அது நடக்காது என்று நினைத்திருந்தேன்.

“என்னாத்தா, கண்ணு செவந்திருக்கு?” என்று சார் கேட்டார். கம்ப்யூட்டரைப் பார்த்ததால் என்றேன்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஒச்சாண்டி அண்ணன் ஜீப்பில் முன்சீட்டை உனக்கு விட்டு வைப்பார். வந்து படுத்துக்கொள். நீ பேசினால் கேட்கிறேன். பேசாவிட்டால் ‘ம்’ கூடச் சொல்லாமல் பக்கத்தில் இருக்கிறேன்.

மெர்லின்