'நீ யாரு' என்று யாரும் கேட்காத சாவு வீடு

சின்னு,

போன வாரம் உன் போனில் ஒரு படம் வந்து நின்றது. அந்தத் தாய்லாந்து நாடகத்து நெட்டையனும் குட்டையனும் மறுபடியும் கன்னத்தோடு கன்னம் ஒட்டிக்கொண்டு சிரிக்கிறார்கள். இரண்டாம் பாகமாம். உன் போனை நான்தான் வைத்திருக்கிறேன், கண்ணாடிக் கீறலோடு அப்படியே. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாற்றிக் கொடுத்தவன், உன் போனுக்கு மாற்றிக்கொள்ளவே இல்லை. மீன் கூடையை இறக்கிவைத்து, கையைத் துடைத்துக்கொண்டு அந்தப் படத்தைத் தொட்டேன். அதிலிருந்து எனக்கு எரிச்சல்தான். வீட்டுக்காரரிடம் புலம்பினால் "உனக்கு வேற வேல இல்ல" என்று திரும்பிப் படுத்துக்கொள்வார். அதனால் உனக்கு எழுதுகிறேன். அஞ்சாவதோடு நின்ற எழுத்து. தப்பு இருந்தால் சிரித்துக்கொள்.

வருகிற வெள்ளிக்கிழமையோடு நீ போய் ஒரு வருஷம், உனக்குத் தலைத்தெவசம். உன் செந்திலை அதற்கு எப்படிக் கூப்பிடுவது, அம்மாவிடம் என்னவென்று சொல்லிக் கூப்பிடுவது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துத்தான் இந்தப் பாழாய்ப் போன நாடகம் வந்து சேர்ந்தது.

முன்னால் நீ மதியச் சோற்றுக்குச் செல்போன் கடையிலிருந்து வருவாய். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து சைக்கிளில் வந்து, பின்பக்கத் தகரக் கொட்டகையில் போனைச் சுவரில் சாய்த்து வைப்பாய். நான் கருவாட்டுக்கு மீன் கீறிக்கொண்டிருப்பேன். நீ ஒரு கையால் தின்றுகொண்டே கீழே ஓடும் இங்கிலீஷைப் படித்துப் படித்து எனக்குச் சொல்வாய். குட்டையன் நெட்டையனைக் கூப்பிடும்போதெல்லாம் நீ "மாமா" என்றே சொல்வாய். தாய்லாந்திலும் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது போனே தமிழில் எழுத்துப் போடுகிறது. எழுத்துக் கூட்டிப் படித்தால் "சகோதரரே, என்னை முத்தமிடுங்கள்" என்று வருகிறது. தலையில் அடித்துக்கொண்டேன். உன் மாமாவே தேவலை.

நீ அந்த நாடகத்தைத் திட்டிக்கொண்டேதான் பார்ப்பாய். ஒருவன் இன்னொருவனைச் சுவரோரம் நிறுத்திக் கையை வைத்து மறித்தால், "பல்லியாட்டம் ஒட்டிக்கினு நிக்குது பாரு, கைக்குக் கீழ பூந்து ஓடுறதுக்கு இன்னாவாம்?" என்பாய். நெட்டையன் இன்ஜினியரிங் படிக்கிறவனாம், எந்நேரமும் இன்ஜினைக் கழற்றுகிறானாம். நகத்தில் ஒரு பொட்டு கிரீஸ் கிடையாது. அவன் அழுதுகொண்டிருக்கிற நேரத்தில் குட்டையன் ஒரு கிரீமை எடுத்து, பெயர் நமக்குத் தெரிகிற மாதிரித் திருப்பிப் பிடித்து, அவன் மூஞ்சியில் தடவுவான். "இழவு வீட்லயும் சோப்பு விப்பானுங்க" என்று நீ சொன்னாய். அப்போது சிரித்தேன்.

செந்திலைப் பற்றி நீ முதன்முதலில் வாய் திறந்ததும் அந்தக் கொட்டகையில்தான். "யக்கா, இந்த நெட்டையனாட்டம் எனக்கும் ஒரு ஆள் இருக்கான். ஆனா குட்டை" என்றாய். எனக்கு முதலில் ஏறவில்லை. ஏறினதும் கத்தி கையில் அப்படியே நின்றது. வேறு என்ன கேட்பது என்று தெரியாமல், "வேல வெட்டி இருக்கா?" என்றேன். "சிதம்பரத்துல பைக் மெக்கானிக்." "குடிப்பானா?" "இல்ல." "அப்ப சரி" என்று மறுபடி மீனைக் கீறினேன். ஞாயிற்றுக்கிழமையானால் நீ எதற்குப் பாசஞ்சர் ரயிலைப் பிடித்து ஓடினாய் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. நீ தட்டைக் கழுவிவிட்டு, கழுவிய தட்டையே இன்னொரு தடவை கழுவினாய்.

உனக்கு நிஜமாகவே கோபம் வந்த இடம் ஒன்று உண்டு. நெட்டையன் மழையில் நின்றுகொண்டு, "எனக்கு ஆம்பளைங்களைப் பிடிக்காது, உன்னை மட்டும்தான் பிடிக்கும்" என்றான். எனக்கு அது நல்ல வசனமாகத்தான் பட்டது. நீ போனைக் கவிழ்த்து வைத்தாய். "இதுல என்னடா தப்பு?" என்றால், "எங்கள மாதிரி ஆளுங்களுக்குன்னு நாடகம் எடுத்துட்டு, அதுலயே நான் அந்த மாதிரி ஆளில்லன்னு ஒருத்தன் சொல்றான். மத்தவன் அதுக்குப் பூரிச்சுப் போறான்" என்றாய். அதற்கப்புறம் ரொம்ப நாள் அதைப் போடவே இல்லை. நான்தான் கெஞ்சினேன்.

அம்மாவுக்குப் போட்டுக் காட்டலாம் என்று நாம் இரண்டு பேரும் சேர்ந்து யோசனை பண்ணினோமே, அதைவிடக் கூறுகெட்ட யோசனை உலகத்தில் இல்லை. நாடகத்தில் நெட்டையனின் அம்மா ஒரு டம்ளர் டீ குடிக்கிற நேரத்தில் மனசு மாறிவிட்டாள். நம் அம்மாவும் பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் இளகுவாள், அப்புறம் செந்திலைப் பற்றிச் சொல்லலாம் என்று கணக்குப் போட்டோம். அம்மாவும் வெற்றிலையை மென்றுகொண்டு ஆசையாகத்தான் பார்த்தாள். முந்தானையால் கண்ணைக்கூடத் துடைத்தாள். நீ என்னைப் பார்க்கிறாய், நான் உன்னைப் பார்க்கிறேன். முடிந்ததும் அம்மா கேட்டாள்:

"பொண்ணு லட்சணமாத்தான் இருக்குது. கிராப்புதான் சேரல. திருப்பதிக்கு முடி குடுத்துட்டு இப்பத்தான் வளக்குதா?"

"யம்மா, அது பையன்மா."

"போடா. பையன் எங்கனா இப்படி வெக்கப்படுவானா? அவன் தூக்கிக்கினு போறான், இது மூஞ்சிய மூடிக்குது. சோறு ஆக்கறதும் இதுதான், அழுவறதும் இதுதான். எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது."

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். சிரித்துக்கொண்டே வெளியே போனாய். நான் பின்னால் வந்து பார்த்தபோது சிரிப்பு இல்லை. "தப்பு அம்மா மேல இல்லக்கா. அவுங்களே அப்படித்தான் எடுத்து வச்சிருக்காங்க. ஒருத்தன் புருசனாட்டம், ஒருத்தன் பொண்டாட்டியாட்டம். எங்க ரூம்ல பசி எடுத்தவன் சோறு வடிக்கிறான், அவ்ளோதான்" என்றாய். சொல்ல நினைத்ததை அன்றைக்குச் சொல்லவில்லை. இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்றாய். அதற்குள் உனக்குக் கண்ணெல்லாம் மஞ்சளாகிப் போனது. ஆஸ்பத்திரியில் படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை.

எனக்கு அந்த நாடகத்தின் மேல் இன்னொரு ஆத்திரம் உண்டு, உன்னிடம் சொன்னதில்லை. அதில் ஒரு அக்கா கிடையாது. பொம்பளை என்றால் ஒருத்தி இரண்டு பேரையும் பிரிக்க அலைகிறாள், இன்னொருத்தி ஒளிந்து நின்று பார்த்துக் கெக்கேபிக்கே என்று சிரிக்கிறாள். விஷயம் தெரிந்து, வாயையும் மூடிக்கொண்டு, மீனையும் விற்றுக்கொண்டு நடுவில் நிற்கிறவள் எப்படி நிற்பாள் என்று எடுக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

இப்போது இந்த இரண்டாம் பாகத்துக்கு வருகிறேன். மார்க்கெட்டில் வெயில் ஏறி ஆள் வராத நேரத்தில் குடைக்குக் கீழே உட்கார்ந்து பார்த்தேன். பக்கத்தில் மீன் விற்கிற மீசைக்காரன் ஒருவன் அட்டையால் மீனுக்கு விசிறிக்கொண்டே எட்டிப் பார்த்து, "இன்னா யக்கா, கொரியா படமா?" என்றான். "தாய்லாந்துடா, ஈய ஓட்டு" என்றேன். நெட்டையனின் அப்பா செத்துப்போகிறார். எனக்கு வேண்டிய இடம் இப்போதுதான் வருகிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். குட்டையன் சாவு வீட்டுக்கு வருவான், யாரோ ஒரு பெரிய மனுஷன் "நீ யாரு" என்று கேட்பான், இவன் ஏதோ ஒன்று சொல்வான். அந்த ஒன்றை நான் தெரிந்துகொண்டு அம்மாவிடம் சொல்லலாம்.

ஒன்றும் கேட்கவில்லை, சின்னு. குட்டையன் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு முதல் வரிசையில் நெட்டையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். சாமியார்கள் ஓதுகிறார்கள். எல்லாரும் வரிசையாகப் போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் பூ வைக்கிறார்கள், இவனும் வைக்கிறான். ஒரு அத்தை இல்லை, ஒரு பங்காளி இல்லை, யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாட்டைப் போட்டார்கள். பாட்டு முடிந்ததும் கடற்கரையில் இரண்டு பேரும் ஐஸ் தின்றார்கள், அதன் பெயரையும் நம் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு. எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைக் கூடையில் போட்டேன். சங்கரா மீன் மேல் விழுந்தது.

உன் சாவில் நடந்ததை உனக்கு யார் சொல்லியிருப்பார்கள்? நானே சொல்கிறேன். செந்தில் முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டான். பந்தல் கால் ஓரமாக, உன் கடைப் பையன்களோடு நின்றான். பெரியப்பா வாய்க்கரிசிக்கு முறை சொல்லிக் கூப்பிட்டார். பங்காளிகள் வந்தார்கள், மாமன் மச்சான் வந்தார்கள், சம்பந்தி வீட்டார் வந்தார்கள். ஒவ்வொரு முறைக்கும் ஒரு பெயர் இருக்கிறது, பெயரைச் சொன்னால் ஆள் நகர்ந்து வருகிறது. செந்தில் தானாக ஒரு அடி முன்னால் வந்தான். பெரியப்பா கேட்டார், "தம்பி யாரு?"

"சிதம்பரம்ங்க. ஃப்ரெண்டு."

"அப்ப சித்த ஒதுங்கி நில்லுங்க தம்பி, சொந்தக்காரங்க வரட்டும்."

ஒதுங்கிவிட்டான். என்னை இரண்டு பக்கமும் பெண்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தொண்டையில் சத்தமே இல்லை, அழுது அழுது போயிருந்தது. பெரியப்பா கெட்டவர் கிடையாது. யாராக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பார், மரியாதையாகத்தான் கேட்டார். அதுதான் எனக்கு ஆறவே இல்லை. நாடகத்தில் என்றால் ஒரு வில்லி இருப்பாள், அவளைத் திட்டலாம். இங்கே நான் யாரைத் திட்டுவது?

நேற்று சிதம்பரம் போனேன். தெற்கு வீதியிலிருந்து உள்ளே போகிற சந்தில் அவன் கடை. ஒரு ஸ்கூட்டியைப் பிரித்துப் போட்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து, கை அழுக்கு என்று முழங்கையால் ஸ்டூலை நகர்த்திப் போட்டான். இளைத்துவிட்டான். மோர் வாங்கிக் கொடுத்தான்.

"வெள்ளிக்கிழம படையல். நீ வரணும்" என்றேன்.

"வேணாங்க்கா."

"ஏன்டா?"

"யாராச்சும் யாருன்னு கேப்பாங்க. இன்னொருவாட்டி ஃப்ரெண்டுன்னு என் வாயால சொல்ல முடியாதுக்கா. அன்னிக்குச் சொன்னதே இன்னும் வாய்க்குள்ளயே கெடக்குது."

அவன் ஸ்பேனரைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். "நான் வீட்ல பேசிட்டு வர்றேன். பேசிட்டு உனக்குச் சொல்றேன்" என்று எழுந்தேன். பஸ்ஸில் வரும்போது முழுக்க எனக்கு எதிரே அந்த நாடகத்துக்காரர்கள் உட்கார்ந்திருக்கிற மாதிரியும், நான் அவர்களைக் கேட்கிற மாதிரியுமே இருந்தது. ஏம்பா, இவ்வளவு செலவு பண்ணி எடுத்தீர்களே, அந்த ஒரு வாக்கியத்தை எழுத உங்களுக்கு என்ன கேடு?

அவர்கள் எழுதாததை நானே சொன்னேன். இன்றைக்குக் காலையில். அம்மா படையலுக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். உனக்கு எடுத்த வேட்டியும் நீலச் சட்டையும் பக்கத்தில் கவரோடு இருந்தது. படைத்த துணியை உன் உயரத்துக்கு இருக்கிற பங்காளிப் பையன் யாராவது போட்டுக்கொள்ளட்டும் என்று பெரியப்பா சொல்லியிருந்தார். நம் வழக்கம் உனக்குத் தெரியாததா? படைத்த சட்டையைப் போடுகிறவன் செத்தவனுக்கு உரிமைப்பட்டவனாக இருக்க வேண்டும்.

"யம்மா, அந்தச் சட்டை செந்திலுக்குப் போவணும்" என்றேன். "எந்தச் செந்திலு?" என்றாள். "செதம்பரத்துப் பையன். ஆஸ்பத்திரில ராவும் பகலும் கெடந்தானே. சின்னுவும் அவனும் ஒண்ணா வாழ்ந்தாங்கம்மா. நானும் ஊட்டுக்காரரும் வாழற மாதிரி. நெசமாவே." நான் மனசில் எவ்வளவோ ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன், வாயில் வந்தது இவ்வளவுதான்.

அம்மா கத்தவில்லை. என்னை அடிக்கவும் இல்லை. என்னைக் கட்டிக்கொண்டு அழவும் இல்லை. முறம் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. புடைத்து முடித்து, கல்லைப் பொறுக்கி, அரிசியைக் குண்டானில் கொட்டினாள். கவரை எடுத்து மடியில் வைத்து, சட்டையின் காலரை விரலால் நீவினாள். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்:

"ஊரு கூடுற அன்னிக்கு வேணாம். மறுநா வரட்டும். சட்டைய யாருக்கும் குடுக்காம வச்சிருக்கேன்."

கிணற்றடிக்குப் போய்விட்டாள். நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சந்தோஷப்படுவதா, மண்ணை வாரி இறைப்பதா என்று தெரியவில்லை. சட்டையைக் கொடுக்கிறேன் என்கிறாள். அவன் போட்டுக்கொள்வதை ஊர் பார்க்கக் கூடாது என்கிறாள். மறுநாள் வந்தால் பந்தல் இருக்காது, பெரியப்பா இருக்க மாட்டார், 'தம்பி யாரு' என்று கேட்க ஆளே இருக்காது. அவனும் பொய் சொல்ல வேண்டாம். நிஜத்தைச் சொல்லவும் ஆள் இருக்காது.

செந்தில் போனை எதிர்பார்த்துக்கொண்டிருப்பான். அவன் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அம்மா சொன்னதை நான் அவனிடம் சரி என்று சொன்னாள் என்று சொல்லட்டுமா, வேண்டாம் என்று சொன்னாள் என்று சொல்லட்டுமா, சின்னு?