முந்தல் இறாலும் நான் மாற்றிய வேர்ஷனும்

அன்பு மனைவி முஃப்லிஹாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தபால் பிந்தும், அதனால் போனிலேயே எழுதி அனுப்புகிறேன். உன் முழங்கால் வலி எப்படி? முந்தல் இறால் பண்ணையில் நான் சுகம், வயிறும் வளர்கிறது.

ஒரு சின்னக் கதை, பயப்படாதே. இறால் குளங்களைக் கெமராவால் பார்த்து, தண்ணீரைக் கலக்கிக் காற்றூட்டும் சக்கரங்களைச் சுற்றவிடுவது, நாலைந்து கொம்பியூட்டரைச் சேர்த்துக் கட்டிய என் கிளஸ்டர்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போகுமுன் அதன் மென்பொருளைப் புது வேர்ஷனுக்கு மாற்றினேன். கெமராப் படத்தைப் படிக்கும் கிராபிக்ஸ் கார்டை அதற்கு அடையாளம் காட்டும் ப்ளகின் என்ற துணை மென்பொருள் பழசு என்பதை இந்தப் பெரிய மூளை கவனிக்கவில்லை. கார்ட் உள்ளேயே இருக்க, கிளஸ்டர் ‘கார்ட் இல்லை’ என்று சும்மா இருந்துவிட்டது; சக்கரங்களும் நின்றுவிட்டன.

பள்ளியால் வந்தால் காவல்காரர் பஸ்தியான் கத்துகிறார்: “சேர், இறாலெல்லாம் மேல வந்து வாய் பிளக்குது! உங்களைத் தேடிப் பள்ளிக்கு வரப் பாக்குதோ?”

சாரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி, கையால் சுவிட்ச் போட்டேன். இறால் பிழைத்தது. பழைய வேர்ஷனுக்கே திரும்பிவிட்டேன்.

நாளை மறுபடி மாற்ற வேண்டுமாம். இறால் செத்தால் பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டார் முதலாளி. பொருத்தமான ப்ளகின் எடுத்து, மூன்று தரம் சரிபார்த்தும்விட்டேன்.

கொஞ்சம் தேசிக்காய் ஊறுகாய் அனுப்பு. நாளை லுஹர் தொழுகைக்குப் பிறகு, வேர்ஷனை மாற்றும் நேரம் கோல் எடுப்பேன். ஒன்றும் கேட்காதே, போனை அடுப்படியில் வைத்துவிட்டு உன் பாட்டுக்குச் சமை. அந்தச் சத்தம் கேட்டால் போதும்.

பஸ்தியான் கூப்பிடுகிறார், ஓடுகிறேன்.

உன் லாபிர்