நீ பயப்படவில்லை என்று சொன்னேன்

மகளின் கல்லூரிப் புத்தகத்தில் நேற்று 'கடவுள் செத்துவிட்டார்' என்று எழுதிய அந்த மீசைக்கார ஜெர்மன் தத்துவவாதியின் படத்தைப் பார்த்தேன். "யாருன்னு தெரியுமாப்பா?" என்றாள். பத்தாம் வகுப்பை இரண்டு முறை எழுதியவன் நான். பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டேன். அவள் திகைத்ததைப் பார்க்க நீதான் இல்லை.

ஐந்தருவியில் உடம்பெல்லாம் எண்ணெயோடு வரிசையில் நின்றபோதுதானே அவரைப் பற்றி முதலில் சொன்னாய்? பிறந்து வளர்ந்த கிறிஸ்தவ சபைக்கு நீ போவதை நிறுத்தியிருந்த சமயம்.

"திருப்பி அடிக்க முடியாதவன் அதுக்கு மன்னிப்புன்னு பேரு வச்சுக்கிட்டாம்லே. இரக்கம், தாழ்மை எல்லாம் அப்படி வந்ததுதாங்காரு. பின்னால வந்தவன் எவனும் அந்தக் கேள்வியத் தாண்டிப் போக முடியல. கடவுளே வேண்டாம்னவன்கூட இரக்கத்த மட்டும் ஏன் புடிச்சுத் தொங்குதான்னு கேக்காரு."

"மொதல்ல வரிசைல நம்மளத் தள்ளுதவன அடிச்சுக் காட்டு, பாப்போம்" என்றேன்.

பல வருடம் கழித்து, நீ படுத்துக் கிடந்த தென்காசி ஆஸ்பத்திரி. டாக்டர் கையை விரித்துவிட்டார். வராந்தாவில் உன் மனைவி என்னை மறித்தாள். "அண்ணே, போதகர் கீழ நிக்காரு. ஒரே ஒரு ஜெபம். நீங்க சொன்னா கேப்பாவ."

உள்ளே வந்து சொன்னேன். மூச்சை இழுத்து இழுத்துப் பேசினாய். "சாவு பயத்துல ஜெபம் பண்ணினா, இத்தன வருசம் நான் பேசினதெல்லாம் பொய்யாயிரும்லே. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. நான் பயப்படுதேனா?"

வீட்டில் என்ன குழம்பு வைக்கலாம் என்றுகூட யாரும் என் அபிப்பிராயத்தைக் கேட்பதில்லை.

"நீ பயப்படல. வெளிய நிக்காள்லா, அவதான் பயப்படுதா."

கண்ணை மூடிக்கொண்டாய். திறப்பாயா என்றே எனக்குச் சந்தேகம்.

"அப்போ இது இரக்கந்தாம்லே" என்றாய். "அவளுக்காக. வரச் சொல்லு."

போதகர் ஜெபித்தார். அவள் உன் கையைப் பற்றியிருந்தாள். உன் உதடு அசையவில்லை. ஜெபம் பாதியில் இருக்கும்போது உன் மூச்சு நின்றது. நின்று, மறுபடி வந்தது. "ஆமென்!" என்று ஒரு கத்தல். போதகர் திடுக்கிட்டுக் கண் திறந்தார். நெற்றி நிறையத் திருநீறோடு நின்ற நான்தான் கத்தியிருந்தேன்.

நீ என்னைப் பார்த்தாய். சிரிப்பு மாதிரி ஏதோ. "ஏலே, பயந்தது நீயா?"

நான் பதில் சொல்வதற்குள் போய்விட்டாய்.

ஆமாம், நான்தான். அந்தப் பயம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதற்கு என்ன பேர் வைப்பது என்றுதான் தெரியவில்லை. அன்பு என்று சொன்னால் நீ ஒத்துக்கொள்ள மாட்டாய்.