அந்தம்மா எடுத்தாங்க

மார்ச் 4, செவ்வாய்

இந்த நாட்டில் இரண்டாவது நாள். இன்று சிம் வாங்கினேன், வெளிநாட்டினருக்கான ப்ரீபெய்டு. ஒரு மாதம் செல்லும். அதற்குள் ரீசார்ஜ் செய்யாவிட்டால் எண் போய்விடும்.

பாஸ்போர்ட்டைப் புரட்டிய கடைக்காரப் பெண், குடும்பப் பெயர் எது என்று கேட்டாள். எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது, இனிஷியல்தான் என்று நான் வாயெடுப்பதற்குள் அப்பாவின் பெயரைக் கணினியில் ஏற்றிவிட்டாள். பிறகு அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிட்டாள். நான் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் என்னைத்தான் என்று கை காட்டியபோதுதான் உறைத்தது. ஊரில் பஞ்சர் ஒட்டும் டயர் கடையில் அப்பாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் 'பஞ்சர் அண்ணன்'. இங்கே இவ்வளவு மரியாதையாக ஒலித்த அந்தப் பெயரை அவர் கேட்டிருக்க வேண்டும்.

மார்ச் 5, புதன்

அம்மாவுக்கு எண்ணைச் சொன்னேன். "என்னடி இது, ரயில் மாதிரி நீளமா போகுது?" என்றாள்.

நான் எதற்காக வந்தேனோ அந்தப் பயிற்சி தொடங்கிவிட்டது. ஆய்வுக்கூடத்தில் போனை அணைத்து லாக்கரில் போட வேண்டும். மாலைவரை குடிநீர் மாதிரிகள், குடுவைகள், நான். யாரோடும் பேச வேண்டாம் என்பது ஒரு நிம்மதி.

மார்ச் 9, ஞாயிறு

அம்மாவிடமிருந்து ஒரு மிஸ்டு கால்கூட இல்லை.

வீட்டில் ஒரே ஒரு பட்டன் போன். வேலைக்குப் போகும்போது அம்மா எடுத்துப் போவாள்; வீட்டில் ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்தால்தான் சிக்னல் கிடைக்கும். நான் கல்லூரிக்குப் போன நாட்களில் அது பேசுவதற்கானதாகவே இல்லை. என் போனிலிருந்து ஒரு ரிங் விட்டு நிறுத்தினால் பஸ் ஏறிவிட்டேன். உடனே மறுபடி அடித்தால் மழை, குடையோடு வா. அம்மா கார்மெண்ட்ஸிலிருந்து விடும் ஒற்றை ரிங்குக்கு மட்டும் பொருளே கிடையாது. ஒருநாள் கேட்டேன். "சும்மாதான். நீ இருக்கியான்னு" என்றாள்.

இங்கே நான் இருக்கிறேனா என்று பார்க்க வேண்டாமா அவளுக்கு? கோபமா? இன்று நான் கூப்பிட்டபோது நன்றாகத்தானே பேசினாள்.

மார்ச் 14, வெள்ளி

மேற்பார்வையாளர் அழைத்தார். பயிற்சி முடிந்ததும் ஒரு வருடம் இங்கேயே வேலை செய்ய விருப்பமா? மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா இல்லை என்றா, எனக்கே தெரியாது.

மார்ச் 16, ஞாயிறு

அம்மாவிடம் சொன்னேன். "உன் இஷ்டம். எங்களுக்கென்ன, நல்லாத்தான் இருக்கோம்."

இரு என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. ஆனால் அவர்களால் தாங்க முடியுமா? அது தெரியாமல் எப்படிச் சொல்வேன்?

மார்ச் 19, புதன்

மாலையில் நானே கூப்பிட்டுக் கேட்டுவிட்டேன். "ஏம்மா ஒரு ரிங்கூட விட மாட்டேங்கிற?"

"விடாம என்ன? மத்தியானம் சாப்பாட்டு பெல் அடிச்சதும் கூப்பிடுறேன். ரிங்கே போகல, அந்தம்மா எடுத்துடுறாங்க."

"எந்தம்மா?"

"உங்க வீட்டுக்காரம்மாதான். தங்கமான குரல்."

நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் மனைவியை இழந்தவர், தனியாக இருக்கிறார். பக்கத்து அறை அக்காவிடம் ஓடினேன். அவளும் ஆய்வுக்கூடத்தில்தான், நமது மொழிக்காரி. என் போனை வாங்கிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

"படிச்ச புள்ளதானே நீ? மேல இந்தச் சின்னம் இவ்ளோ நாளா கண்ணுல படலையா? வாய்ஸ் மெயில்டி. போன் ஆஃப்ல இருந்தா மெஷின் எடுத்து பொம்பளக் குரல்ல பேசும், நாம சொல்றதைப் பதிஞ்சு வெச்சுக்கும். உங்கம்மா மெஷின்கிட்ட குசலம் விசாரிச்சிருக்காங்க."

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவின் செய்திகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"ஹலோ... வீட்டுக்காரம்மாங்களா? நீங்க சொல்றது எனக்குப் புரியலைங்க. நான் அவ அம்மா. நல்லாயிருக்கீங்களா?"

இன்னொன்றில்: "அவளுக்குக் கூச்சம் ஜாஸ்திங்க. சாப்பிட்டியான்னா சாப்பிட்டேன்னு பொய் சொல்லும். நம்பாதீங்க."

திங்கட்கிழமை வந்தது: "ஒரு வருஷம் இருக்கவான்னு கேட்டா. உன் இஷ்டம்னுட்டேன். வேற என்னத்த சொல்ல? வீடு வெறிச்சுனு கிடக்கு. அவங்கப்பா உள்ள நுழையறப்பவே பாப்பா வந்துட்டாளான்னு கேக்குறாரு, அப்புறம் நாக்கைக் கடிச்சுக்குறாரு. வான்னா எங்களுக்காக எல்லாத்தையும் விட்டுட்டு வந்துடுவா. அவகிட்ட இதெல்லாம் சொல்லிடாதீங்கம்மா, புண்ணியமாப் போகும்."

அழுது மூக்கை உறிஞ்சினாள். பின்னால் தையல் மெஷின்கள் ஓடத் தொடங்கும் சத்தம். அந்தச் சத்தத்தை எத்தனை சாயங்காலம் வாசலில் நின்று கேட்டிருக்கிறேன், அம்மா வெளியே வருவதற்காக.

மார்ச் 20, வியாழன்

அம்மாவிடம் சொல்லலாமா? சொன்னால் இனி யாரிடம் பேசுவாள்?

சொல்லாவிட்டால் நான் ஒட்டுக்கேட்பவள்.

மார்ச் 23, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

"மெஷினா! ஐயோ... வாங்க போங்கன்னு அவ்வளவு மரியாதையா பேசினேனேடி!" அப்பாவின் சிரிப்பும் கேட்டது. பிறகு அம்மாவின் குரல் இறங்கியது. "அப்போ நீ எல்லாத்தையும் கேட்டுட்டியா?"

"கேட்டேம்மா."



"உனக்கு அங்க இருக்கணும்னு இருக்கா?"

"இருக்கு. ஆனா நீ அழுறியே."

"அழுறது என் வேலை. அதை நான் பாத்துக்குறேன். நீ உன் வேலையப் பாரு."

மார்ச் 28, வெள்ளி

இருக்கிறேன் என்று சொன்னேன். தலையாட்டாமல், வாயால்.

மார்ச் 29, சனி

ரீசார்ஜ் செய்தேன். எண் போகாது.

ஏப்ரல் 2, புதன்

ஆய்வுக்கூடத்திலிருந்து வந்து போனை உயிர்ப்பித்தால், புதுச் செய்தி ஒன்று.

"நான்தாங்க. நீங்க மெஷினாமே, என் பொண்ணு சொல்றா. இருக்கட்டும். உங்ககிட்ட பேசியே பழகிடுச்சு. அவ கேப்பான்னு தெரிஞ்சேதான் சொல்றேன். இன்னிக்கும் வீடு வெறிச்சுனுதான் இருக்கு. அவங்கப்பா மட்டும் கடையில வர்றவன் போறவன்கிட்டெல்லாம் பொண்ணு வேலைக்குச் சேர்ந்துட்டான்னு சொல்லிக்கிட்டு இருக்காரு. அவ்வளவுதான் விஷயம். வெச்சுடட்டுங்களா?"

பதிலுக்குக் காத்திருந்தாள் போலிருக்கிறது. மூச்சுச் சத்தம் மட்டும். பிறகு, "சரிம்மா, வேலையப் பாரு" என்றாள்.

அது மெஷினுக்குச் சொன்னதல்ல.