ஒரு மாத விடுப்பும் ஒரு வருஷ மாத்திரையும்

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் மூவரும் நலம். அங்கே உங்கள் சாப்பாடும் தூக்கமும் ஒழுங்காக இருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாம் என்றால் அத்தை காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அதனால் எழுதுகிறேன்.

பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. குளியலறைக் குழாயை மாற்றியாயிற்று. ஹோட்டல் சலவைக்கூடத்தில் எனக்கு இப்போது படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் மெஷினில் வேலை. போன வாரம் மணிக்கட்டு அதில் பட்டுவிட்டது. பக்கத்தில் நின்றவள் கத்திய பிறகுதான் கையை எடுத்தேன். வலி தெரியாமல் இல்லை. கத்தத் தோன்றவில்லை, அவ்வளவுதான். பல்லைக் கையில் வைத்துக்கொண்டு பாப்பா ஓடிவந்தபோதும், 'சரி' என்று மட்டும்தான் சொன்னேன்.

காயத்துக்கு மருந்து போடப் போன இடத்தில் டாக்டரம்மா என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கேட்டார். கருத்தடை மாத்திரை என்றேன். தலைவலிக்கு முன்னால் கண்ணில் மின்னல் மாதிரி தெரிவதையும், மனசில் எதுவும் ஒட்டாததையும் சொன்னேன். அப்படி மின்னல் தெரிந்தால் அதைத் தொடவே கூடாது, பக்கவாதம் வரலாம், மனசு மரத்துப்போனதற்கும் அது காரணமாக இருக்கலாம், ஹார்மோன் இல்லாத வழிக்கு மாறுங்கள் என்றார். வீட்டுக்காரர் வருஷத்துக்கு ஒரு மாதம்தான் வருவார் என்றேன். அந்த ஒரு மாசத்துக்கா வருஷம் முழுக்க முழுங்குறீங்க என்று கேட்டார். எனக்கு அது அதுவரை உறைக்கவே இல்லை. அத்தையிடம் சத்து மாத்திரை என்று சொல்லி வைத்திருந்தேன். முழங்கால் வலிக்குத் தனக்கும் ஒன்று கேட்டார். நல்லவேளை, கொடுக்கவில்லை.

காப்பர்-டி போடலாமா என்று கேட்டேன். எனக்கு ஏற்கெனவே மாதாமாதம் உதிரப்போக்கு அதிகம், உடம்பில் ரத்தமும் குறைவு, அதனால் வேண்டாம் என்றார். மிச்சம் இருப்பது ஆணுறைதான். போன தடவை அதைச் சொன்னபோது, நான் என்ன வெளியாளா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். அந்த முகத்துக்காகத்தான் மாத்திரைக்கே போனேன். இப்போது நிறுத்திவிட்டேன். இன்னொரு பிரசவத்துக்கு எனக்குத் தெம்பில்லை. இதற்கு உங்களிடம் அனுமதி கேட்கவில்லை, சொல்கிறேன். கோபமும் இல்லை. கோபமாவது வந்தால் தேவலை என்றிருக்கிறது.

ஆணுறை வாங்கி பீரோவில் வைத்திருக்கிறேன். சம்மதமென்றால் சந்தோஷமாக வாருங்கள். சம்மதமில்லை என்றாலும் வாருங்கள், பாப்பா ஏங்கிப்போயிருக்கிறாள். கூடத்தில் உங்களுக்குப் படுக்கை விரித்து வைக்கிறேன். ஏன் என்று அத்தை கேட்டால் நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். என் உடம்பையும்.

இப்படிக்கு,
பாப்பா அம்மா