கிண்ணத்தில் மிஞ்சிய எண்ணெய்

நவம்பர் 9, ஞாயிறு

காலையில் முதலில் மசாஜுக்கு வந்தவர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கும் டெய்லர் சரசக்கா. இடுப்பருகே வட்டமாகச் சிவந்து, ஓரம் தடித்திருந்தது. "இதென்னுங்க்கா?" என்றேன்.

"நாடா ஒரசுன சூடு கண்ணு, ஒண்ணுமில்ல. நீ தேய்யி."

தொட்டால் ஒட்டும் படர்தாமரை என்று எனக்குத் தெரியும். பயிற்சியில் படம் போட்டே காட்டினார்கள். திருப்பி அனுப்பினால் அவருடைய கம்பெனியிலிருந்து இனி ஒருத்தரும் வரமாட்டார்கள் என்று தேய்த்துவிட்டேன். அதோடு விட்டேனா? அந்தக் கையை நனைத்து நனைத்து எடுத்த கிண்ணத்தில் மிஞ்சிய எண்ணெயை, வழக்கம்போலப் பாட்டிலிலேயே ஊற்றி வைத்தேன். எண்ணெயைக் கீழே கொட்டக்கூடாதாம். எந்தப் புண்ணியவான் சொன்னானோ!

மதியம் தோள்வலிக்கு வரும் முருகன், கிளம்பும்போது கேட்டார். "பாப்பாவுக்குத் தேச்சுத் தண்ணி ஊத்தோணுங்க்கா, கொஞ்சம் எண்ணெய் குடுங்க." அந்தப் பாட்டிலையே எடுத்துக் கொடுத்தேன். சரசக்காவின் இடுப்பு அப்போது நினைவுக்கே வரவில்லை.

இப்போது போட்டோ அனுப்பியிருக்கிறார். ஐந்து மாதக் குழந்தை, உச்சி முதல் பாதம் வரை மினுங்கிக்கொண்டு சிரிக்கிறது. "நல்ல எண்ணெய்ங்க்கா. இனி தினமும் இதுதான்" என்று கீழே எழுதியிருக்கிறார்.

பதிலை எழுதி எழுதி அழிக்கிறேன். நாளைக் காலையில் மறுபடியும் தேய்ப்பார்கள்.